பகடியும் வதையும்: விடுதி அறைக்குள் சட்டம் நுழைந்த வரலாறு

ஆடி பிறப்பதற்கு முன்னும் பின்னுமாக, களமருதூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காணலாம். மேனிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளையொருவன் பெட்டியும் பாயும் தலையணையுமாகப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பான். தந்தை சேர்க்கைக் கட்டண இரசீதைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். தாய் ஊறுகாய்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் மூலையில் வைப்பார். வழியனுப்ப வந்த பெரியோர், ‘நன்றாகப் படி; பெரியவர்களுக்கு அடங்கி நட’ என்று வாழ்த்துவர். இவ்வறிவுரையின் பிற்பாதி, விடுதிக்குள் நுழைந்த முதல் இரவிலேயே அப்பிள்ளைக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்பதை வாழ்த்துவோருள் பலர் அறியார். அங்கே ‘அடங்கி நட’ என்று அதட்டி நிற்பவர் அவனைவிட ஓராண்டோ ஈராண்டோ மூத்த மாணவராகவே இருப்பார்.

ராகிங் என்று நம் நாளிதழ்கள் எழுதும் இக்கொடுமையை ஈழத்தமிழர் ‘பகிடிவதை’ என்பர். நம்மிடையே அதுவே பகடிவதை என வழங்குகின்றது. ஆங்கிலச் சொல்லைவிட இச்சொல் நம் கருத்துக்கு நெருக்கமானது. பகடி என்று தொடங்குவது வதை என்று முடிகின்றது என்பதை அச்சொல்லே காட்டிவிடுகின்றது. இவ்வழக்கம் எளியோர் பயிலும் சிறு கல்லூரிகளில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் உயர்குடிப் பிள்ளைகள் பயின்ற ஈட்டன், ரக்பி முதலிய உறைவிடப் பள்ளிகளில், இளைய மாணவன் மூத்த மாணவனுக்கு ஏவல் செய்யும் முறை நெடுங்காலம் இருந்து வந்தது. காலணி துடைத்தல், தேநீர் கொணர்தல், படுக்கை விரித்தல் ஆகியவை அவ்வேவலில் அடங்கும். ஆளப்பிறந்தோருக்கு அடங்கிப் பழகும் பயிற்சி என்று அதற்கு நியாயமும் கற்பித்தனர். நம் நாட்டில் அவ்வழக்கம் முதலில் வேரூன்றிய இடங்களும் பெரும்பாலும் பெயர்பெற்ற விடுதிப் பள்ளிகளும், மருத்துவ, பொறியியற் கல்லூரிகளுமேயாம். கடும் போட்டியில் வென்று இடம்பெற்றோர் கூடும் இடத்தில் இத்தகைய கீழ்மை எவ்வாறு செழித்தது என்று வியப்போர் உளர். இடம் அரிதாக இருப்பதே அதற்கு ஒரு காரணம் என்பது நம் எண்ணம். அரும்பாடுபட்டுப் பெற்ற மருத்துவ இடத்தை, ‘என்னை அடித்தார்கள்’ என்று சொல்லி எவன் இழக்கத் துணிவான்?

நம் வட்டாரத்தார் இதனைத் தொலைவிலுள்ள செய்தியாகக் கருத இயலாது. நம் பகுதி 1993 வரை பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. பின்னர் விழுப்புரத்தோடு சேர்ந்து, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. தென்னார்க்காட்டுப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி என்றால் சிதம்பரம் என்பதே ஒரு தலைமுறையின் வழக்கு. 1929-இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழுக்கும் இசைக்கும் அறிவியலுக்கும் ஆற்றிய பணியை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. அப்பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில்தான், 1996 நவம்பரில், தமிழகத்தையே உலுக்கிய கொடுமை நிகழ்ந்தது.

பொன். நாவரசு என்னும் முதலாண்டு மாணவர் அந்நவம்பர் 6-ஆம் நாள் முதல் காணாமற் போனார். அவர்தம் தந்தையார் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய பேராசிரியர் பொன்னுசாமி. மகனைத் தேடிச் சிதம்பரம் வந்த குடும்பத்தார்க்கு முதலில் யாதும் தெரியவில்லை. சின்னாட்களில், அதே கல்லூரியின் மூத்த மாணவர் ஒருவர் மன்னார்குடி நீதிமன்றத்தில் சரணடைந்தார். அதன்பின் வெளிவந்த செய்திகள் செய்தித்தாளைப் பிள்ளைகளின் கண்ணிற் படாமல் மறைக்கச் செய்தன. நாவரசுவின் உடல் பகுதிபகுதியாகச் சிதம்பரத்திலும் சென்னையிலும் கடற்கரையிலும் கண்டெடுக்கப்பட்டது என்று கூறுவதோடு நிறுத்திக்கொள்கின்றோம்.

கொலையை நேரிற் கண்டோர் இலர். எனவே வழக்கு முழுவதும் சூழ்நிலைச் சான்றுகளின்மீதே நின்றது. உயிரிழந்தவர் நாவரசுவே என்று நிறுவ, மண்டையோட்டின் உருவத்தை நிழற்படத்தோடு பொருத்திப் பார்க்கும் முறையும், அந்நாளில் நம் நீதிமன்றங்களுக்குப் புதிதாயிருந்த மரபணு ஆய்வும் பயன்பட்டன. கொலைக்குரிய நோக்கம் பகடிவதையே என்று அரசுத்தரப்பு வாதிட்டது. 1998 மார்ச்சில் கடலூர் அமர்வு நீதிமன்றம் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதெனக் கொண்டு ஆயுள் தண்டனை விதித்தது. 2001 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம், சான்றுகளின் சங்கிலி முழுமை பெறவில்லை என்று கருதி விடுதலை செய்தது. அரசு மேல்முறையீடு செய்ய, 2011 ஏப்ரல் 20-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கி, மீண்டும் குற்றவாளியெனத் தீர்ப்பளித்தது. முடிவான தீர்ப்புக்காக ஒரு தந்தை பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். அவ்வாண்டு நாவரசுவின் வகுப்பில் பயின்றோர் அதற்குள் மருத்துவராகிப் பல்லாண்டுகள் கடந்திருந்தனர்.

இவ்வழக்கின் மற்றொரு விளைவே நம் கட்டுரைக்கு இன்றியமையாதது. 1996 டிசம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. அதுவே 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டமாயிற்று. இதற்கெனத் தனிச் சட்டம் கண்ட முதல் மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அப்பெருமையோடு ஓர் உறுத்தலும் உண்டு. துணைவேந்தர் ஒருவரின் மகனுக்கே இக்கதி நேர்ந்தமையால் நாடு விழித்தது. அதற்கு முன்னர், படிப்பைப் பாதியில் விட்டு ஊர்திரும்பி, காரணம் கேட்டோரிடம் ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று கூறி வயல்வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்காகச் சட்டமன்றம் கூடவில்லை.

சட்டத்தின் சொற்கள் எளியவை. ஒரு மாணவனுக்கு உடலாலோ உள்ளத்தாலோ தீங்கு விளைவிக்கக்கூடிய, அல்லது அச்சமோ வெட்கமோ இழிவுணர்வோ உண்டாக்கக்கூடிய செயல் எதுவாயினும் அது பகடிவதையாம். கேலி செய்தலும், வசைமொழிதலும், குறும்பு விளையாட்டு என்ற பெயரில் நிகழ்வனவும், தன் இயல்பான விருப்பத்தால் ஒருவன் செய்யாத ஒன்றைச் செய்யுமாறு ஏவுதலும் இதனுள் அடங்கும். ‘பாட்டுத்தானே பாடச் சொன்னோம்’ என்னும் சமாதானம் இவ்விறுதிப் பகுதியின் முன் நில்லாது. கல்லூரிக்கு வெளியே நிகழ்ந்தாலும் குற்றமே. தண்டனை இரண்டாண்டுவரை சிறையும் பத்தாயிரம் ரூபாய்வரை தண்டமும். குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவதோடு, பிற கல்வி நிறுவனங்களிலும் சேர்த்துக்கொள்ளப்படார்.

இவற்றினும் முதன்மையான ஒரு விதியை, ஆசிரியரும் நிருவாகத்தாரும் கட்டாயம் அறிதல் வேண்டும். மாணவனோ பெற்றோரோ ஆசிரியரோ புகார் அளித்தால், நிறுவனத் தலைவர் உடனடியாக விசாரித்தாக வேண்டும். உண்மையெனக் கண்டால் குற்றம் செய்தவரை இடைநீக்கம் செய்தாக வேண்டும். அங்ஙனம் செய்யத் தவறினால், அத்தலைவரே குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகக் கருதப்பட்டு, குற்றவாளிக்குரிய அதே தண்டனைக்கு ஆளாவார். கல்லூரியின் ‘நற்பெயர்’ கருதிப் புகாரை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டும் வழக்கத்தை நன்கறிந்த ஒருவரே இவ்விதியை எழுதியிருத்தல் வேண்டும் என்று நமக்குத் தோன்றும்.

நாவரசு மறைந்த மறு ஆண்டு, கடலுக்கு அப்பால், இன்னொரு தமிழ் இளைஞர் இதற்குப் பலியானார். இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் பீடத்தில் புதிதாகச் சேர்ந்த செல்வவிநாயகம் வரப்பிரகாஷ், மூத்த மாணவர் ஏவலால் கடும் உடற்பயிற்சிகளை மேலும் மேலும் செய்ய நேர்ந்தது. தசைகள் சிதைந்து, சிறுநீரகம் செயலிழந்து, 1997 அக்டோபரில் உயிர்நீத்தார். தோப்புக்கரணமும் தண்டாலும் எவரையும் கொல்லா என்று எண்ணுவோர் இதனை அறிதல் நலம். பழக்கமில்லாத உடலை அளவிறந்து வருத்தினால் தசைநார்கள் உடைந்து அவற்றின் நச்சு குருதியிற் கலக்கும். அதனை வடிகட்ட இயலாமற் சிறுநீரகம் நின்றுபோகும். வெளியே ஒரு காயமும் தெரியாது. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், எத்தனையோ இடர்களைக் கடந்து பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளை அவர். இலங்கை நாடாளுமன்றம் 1998-இல் 20-ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றிப் பகிடிவதையைக் குற்றமாக்கியது. கடுங்காயமோ பாலியல் துன்புறுத்தலோ நேருமாயின் பத்தாண்டுவரை சிறை என்பது அச்சட்டத்தின் விதி.

சட்டம் வந்தது, வதை நின்றதா எனில் இல்லை. அதற்குரிய காரணத்தை உச்சநீதிமன்றத்தின் இரு வேறு காலத்து ஆணைகளை ஒப்பிட்டுக் காணலாம். 2001 மே மாதத்தில், பொதுநல வழக்கொன்றில், மாணவர் ஒழுங்கீனத்தை இயன்றவரை நிறுவனத்துக்குள்ளேயே திருத்த வேண்டும். காவல்துறையை அழைப்பது இறுதி வழியாதல் வேண்டும் என்று நீதிமன்றம் கருதியது. பிள்ளைகள்பாற் கொண்ட பரிவு அது. ஆயின் நிறுவனங்கள் பல அப்பரிவைத் திரையாக்கிக்கொண்டன. பின்னர் 2006-இல், மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் ஆர். கே. இராகவன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பெற்றது. அக்குழு 2007-இல் அளித்த அறிக்கையை ஏற்ற நீதிமன்றம் தன் நோக்கை மாற்றிக்கொண்டது. நிறுவனம் எடுத்த நடவடிக்கையில் பாதிக்கப்பட்டவருக்கோ பெற்றோருக்கோ நிறைவு இல்லையெனில், முதல் தகவலறிக்கை பதிவாதல் கட்டாயம் என்றது. அதன் பின்னரும் 2009 மார்ச்சில், இமாசலப் பிரதேசத்தின் தாண்டா மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரு என்னும் முதலாண்டு மாணவர், குடிபோதையில் இருந்த மூத்த மாணவர்களால் தாக்கப்பட்டு மாண்டார். அவ்வாண்டு ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்குமான ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது.

சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி ஆவணம் அளிப்பது இவ்விதிகளால் வந்ததே. கல்லூரிதோறும் தடுப்புக் குழு ஒன்றும், விடுதிகளில் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்க்கும் பறக்கும் படை ஒன்றும் இயங்குதல் வேண்டும். குற்றம் நிகழ்ந்ததாகத் தெரிந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவர் காவல்துறையில் பதிவு செய்தல் வேண்டும். 1800-180-5522 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியும் அப்போது ஏற்பட்டதே. இவற்றை எல்லாம் கல்லூரிகள் விளம்பரப் பலகையில் எழுதி மாட்டிவிடுகின்றன. பலகையில் இடம்பெறாத ஒரு விதியே நமக்கு மிகவும் பயனுடையதாகத் தோன்றுகின்றது. முதல் மூன்று மாதங்களில், பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை, புதிய மாணவரிடம் பெயர் கேளாமல் எழுத்தாற் கருத்துப் பெற வேண்டும் என்பதே அது. வாய்திறக்க அஞ்சும் பிள்ளையும் பெயரில்லாத தாளில் எழுதுவான். ஆனால் இத்தாள்களை முறையாகப் பெறும் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது நம் ஐயம்.

2016-இல் இவ்விதிகளில் ஒரு திருத்தம் சேர்ந்தது. நிறம், சமயம், சாதி, தோற்றம், மொழி, பிறந்த இடம், பொருளாதார நிலை ஆகியவற்றைக் காட்டி ஒருவரை இழிவுபடுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் பகடிவதையே என்பது அதன் சாரம். நம் மாவட்டத்துக்கு இத்திருத்தம் மிகவும் வேண்டியது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்தும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் இறங்கி வந்து சமவெளிக் கல்லூரிகளில் பயில்கின்றனர். அவர்தம் குடியில் முதன்முதலாகக் கல்லூரிப்படி ஏறியோர் பலர். அவர்களுடைய பேச்சையும் ஊர்ப்பெயரையும் கேலிக்குரியனவாகக் கொள்வது ‘நகைச்சுவை’ என்னும் பெயரில் நடைபெறக்கூடிய ஒன்று. இஃது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மும்பையில் நிகழ்ந்த ஒன்று சான்று. தட்வி பில் என்னும் இஸ்லாமியப் பழங்குடியைச் சேர்ந்த மருத்துவர் பாயல் தட்வி, மும்பையின் புகழ்பெற்ற அரசு சார்ந்த மருத்துவக் கல்லூரியில் மகப்பேற்று மருத்துவ மேற்படிப்பில் இருந்தார். அவர் 2019 மே 22-ஆம் நாள் உயிர்நீத்தார். மூத்த மருத்துவர் மூவர் அவரைச் சாதி சுட்டி இழிவுபடுத்தினர் என்பது வழக்கு. அவர்தம் தாயார் முன்னரே துறையினரிடம் முறையிட்டிருந்ததாகக் கூறினார். கற்றோர் மிக்க அவையில், நோயாளியின் உயிர்காக்கும் கைகளுக்கு இடையில், ஒரு பெண்ணின் முறையீடு கேட்பாரற்றுக் கிடந்தது என்றால், அதனைக் கேட்க மறுத்த செவிகள் எழுத்தறியாதோருடையன அல்ல.

தொண்டுக்கும் திறமைக்கும் பெயர்பெற்ற வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் 2022-இல், புதிய மாணவரை அரைகுறை ஆடையில் விடுதியைச் சுற்றிவரச் செய்தமை பெயரில்லாக் கடிதத்தாலும் காட்சிப்பதிவாலுமே வெளிவந்தது. அக்கல்லூரி மூத்த மாணவர் எழுவரை இடைநீக்கம் செய்தது. உண்மை வெளிவர அங்கும் பெயரில்லாத தாளே வேண்டியிருந்தது என்பதைக் கருதுக.

இனி நம்மைப் பற்றியும் ஒரு சொல் கூறியாக வேண்டும். நாம் பயின்ற கல்லூரி எதுவென்று இங்கே வேண்டா. முதலாண்டில் நம்மைச் சுவரோரம் நிறுத்தி, ஊர்ப்பெயரைப் பத்துமுறை தலைகீழாகச் சொல்லச் செய்து சிரித்தனர். உள்ளூற அழுதோம். மறு ஆண்டு அதே சுவரோரம் வேறொரு பிள்ளை நின்றபோது, நாம் கைநீட்டவில்லை என்பது மெய். ஆனால் சிரித்தோர் கூட்டத்தில் நாமும் நின்றோம். அப்பிள்ளை மூன்றாம் வாரம் ஊருக்குச் சென்றவன் திரும்பவில்லை. விடுதிக் காப்பாளர் அவனது படுக்கையைச் சுருட்டி அறைமூலையில் வைத்தார். அது ஆண்டிறுதிவரை அங்கேயே கிடந்தது. பகடிவதை தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதற்கு விளக்கம் தேடி அறிஞர் நூல்களுக்குச் செல்ல வேண்டுவதில்லை. பட்டவன் அடுத்த ஆண்டு வேடிக்கை பார்க்கின்றான், அதற்கடுத்த ஆண்டு ஏவுகின்றான். ‘இதனால்தான் மூத்தோருக்கும் இளையோருக்கும் நட்பு வளர்கின்றது’ என்று இன்றும் வாதிடும் ஆசிரியரை நாம் அறிவோம். நட்பு வளர வேண்டுமாயின், பழைய பாடக்குறிப்புகளைக் கொடுத்தும், நூலக அட்டை பெறும் வழியைக் காட்டியும் வளர்க்கலாமே!

2022 ஜனவரியில் திறக்கப்பெற்ற கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியால், நம் பிள்ளைகள் சிதம்பரத்துக்கோ சென்னைக்கோ போகாமலே மருத்துவம் பயிலும் வாய்ப்பு வந்துள்ளது. இன்னும் பலர் பொறியியலுக்கும் செவிலியத்துக்கும் வெளியூர் விடுதிகளுக்கே செல்கின்றனர். அவர்களை அனுப்பும் பெற்றோருக்கும் ஜமாஅத் பெரியோருக்கும் நாம் கூறக்கூடியவை சில. பிள்ளை தொலைபேசியிற் பேசும்போது மதிப்பெண்ணை மட்டும் கேளாமல், யாருடன் உண்கின்றான், இரவில் எத்தனை மணிக்கு உறங்குகின்றான் என்று கேட்டறிக. ஊர் திரும்ப வேண்டும் என்று அவன் சொன்னால், ‘இத்தனை பணம் கட்டியாயிற்றே’ என்பதை முதல் விடையாகக் கூறாதீர். புகாரை எழுத்தாற் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்குக. எழுத்தில்லாத புகார் விசாரணை நாளில் ‘அப்படி ஒன்றும் எமக்கு வரவில்லை’ என்றாகிவிடும்.

சென்ற சேர்க்கைக் காலத்தில், மலையிலிருந்து மகனுடன் வந்த தந்தை ஒருவர் நம் மேசைமுன் அமர்ந்திருந்தார். உறுதிமொழித் தாளில் அவர் கையொப்பம் வேண்டும். தாள் ஆங்கிலத்தில் இருந்தமையால் நாம் அதனைத் தமிழிற் படித்துப் பொருள் கூறினோம். பொறுமையாகக் கேட்டவர், ‘சார், எம் பையன் யாரையும் ஒண்ணும் செய்யமாட்டான்னு எழுதிக் கேக்குறீங்க. சரி, போட்டுத் தர்றேன். எம் பையனை யாராச்சும் ஒண்ணு செஞ்சா, அதை எந்தத் தாள்ல எழுதுறது?’ என்றார். நம்மிடம் அத்தகைய தாள் இல்லை. அவரது கட்டண இரசீதை வாங்கி, அதன் பின்புறத்தில் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும், விடுதிக் காப்பாளர் எண்ணையும், நம் வீட்டு எண்ணையும் எழுதிக் கொடுத்தோம். அவர் அதனை மகனிடம் கொடாமல், நான்காக மடித்துத் தம் மடியிலேயே முடிந்துகொண்டார்.